தேத்தண்ணி ஆறுவதற்குள்

அக்கா சப்பாத்து வாங்கியதை நான் பார்க்கவில்லை. கடை வாசலில் குடையை மடக்கி, தண்ணீரை உதறிவிட்டு உள்ளே நுழைந்தபோது, அவர் பழையதைப் பையில் திணித்துக்கொண்டு புதியதில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ தம்பி, போவம்."

"அதுக்குள்ளயா? வேற எதுவும் பாக்கலையாக்கா?"

"கால் ரெண்டு, சப்பாத்தும் ரெண்டு. வேற என்னத்தைப் பாக்கிறது?"

நான் அதே கடைக்கு மூன்று சனிக்கிழமை போனேன். முதல் வாரம் பார்த்த ஜோடியையே வாங்கலாம் என்று மூன்றாம் வாரம் முடிவெடுத்தபோது என் அளவு தீர்ந்துபோயிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு எண் பெரிய சப்பாத்தில், குதிகால் தனியாக வந்துசேர, ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் வீதிகளில் நடந்தேன்.

அந்த அக்கா வீட்டில் நான் பத்து மாதம் வாடகைக்கு இருந்தேன். திருச்சியிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து இறங்கிய முதல் வாரம், அலுவலகத்தில் யாரோ எழுதிக்கொடுத்த விலாசத்தோடு போய் மணியை அடித்தேன். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் கதவைத் திறந்து என்னை மேலிருந்து கீழாக ஒரே ஒருமுறை பார்த்தார்.

"அறை உங்களுக்குத்தான். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி ஊத்துறன்."

"இல்லைங்க, இன்னும் ரெண்டு ரூம் பாக்க வேண்டியிருக்கு. கம்பேர் பண்ணிட்டுச் சொல்றேன்."

"பாருங்கோ. பாத்துப்போட்டு இங்கதான் வருவியள். அதுக்கிடையில தேத்தண்ணி ஆறிப்போம், அவ்வளவுதான்."

மற்ற இரண்டையும் பார்த்தேன். ஒன்றில் ஜன்னல் இல்லை. இன்னொன்றில் ஜன்னலைத் தவிர வேறு எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன். மேசையில் அதே கோப்பை, மேலே ஒரு தட்டு மூடி. அக்கா தட்டை எடுத்துவிட்டுக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். சூடாக்கித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் அவருக்கு வேலை. இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு அவிக்கிற இடத்தில் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அவர் வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதம் வந்த நாள், அதைப் படித்து முடித்த கையோடு அவளுடைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். சுவருக்கு நிறம், வீட்டுக்குத் திரைச்சீலை, கோழியா மீனா, எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டார். சுவர் பச்சை சரியாக வரவில்லை என்று அவர் கணவர் சொன்னபோது, "வந்திட்டுது, இனி அதுதான் சரி" என்றார்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது என்று ஒருநாள் வெங்காயம் உரித்தபடி சொன்னார். "இங்கயிருந்து ஒரு படம் அனுப்பினவை. பாத்தன். ஓம் எண்டன்."

"ஒரே ஒரு போட்டோவை வச்சு எப்படிக்கா முடிவு பண்ணீங்க?"

"ரெண்டு அனுப்பியிருந்தாக் குழம்பியிருப்பன்."

அப்போது ஊரில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலம். அம்மா மின்னஞ்சலில் அனுப்பிய பதினான்கு விவரக் குறிப்புகளையும் கணினியில் ஒரு அட்டவணையாக்கி வைத்திருந்தேன். உயரம், படிப்பு, குடும்பம், ஜாதகப் பொருத்தம், சமையல், இசை என்று பதினொரு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். சிரிக்கமாட்டார். உரித்த வெங்காயத்தை என் முன்னால் தள்ளி, "இதை வெட்டுங்கோ" என்பார்.

அவர் தயங்கி நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்.

இலங்கையில் சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, இங்கிருந்து எல்லோரும் யாழ்ப்பாணம் போய்வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அக்காவின் அம்மா அங்கே இருந்தார். மூன்று தடவை அக்கா என்னை மகளுடைய கணினி முன்னால் உட்காரவைத்து, கொழும்புக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார். பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் போட்டு, கடைசிப் பொத்தானில் என் விரல் இருக்கும்போது, "நில்லுங்கோ தம்பி, அடுப்பில கறி" என்று எழுந்து போவார். முதல் தடவை அடுப்பில் கறி இருக்கிறது என்றே நம்பினேன். மூன்றாம் தடவை எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அக்கா அதன் முன்னால் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உள்ளூர மகிழ்ச்சியாக இருந்தது. ஆக, இவரும் நம் ஜாதிதான். அன்றே அவருக்காக ஒரு அட்டவணை தயாரித்தேன். இடப்பக்கம் 'போகலாம்', வலப்பக்கம் 'வேண்டாம்'. இடப்பக்கம் முதல் வரியில் 'அம்மா' என்று அடித்து, எதிரே பத்துக்குப் பத்து போட்டேன். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. அக்கா அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"நல்ல வடிவா அடிச்சிருக்கிறியள் தம்பி" என்றார்.

மறுநாள் அது சோற்றுப் பானைக்கு அடியில் கிடந்தது.

பிறகு நான் ஹனோவருக்கு மாறினேன், கல்யாணமும் ஆனது. மனைவி வந்த ஐந்தாவது மாதம், ஒரு மாலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பி, கையில் நுரையோடு அப்படியே நின்றாள். ஏதோ ஸ்பெயின் பற்றிய நிகழ்ச்சி. ஒரு பெண் பலகையில் காலால் தட்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

"ஃபிளமெங்கோ. இதை நேர்ல ஒரு தடவையாவது பாக்கணும்" என்றாள்.

அவள் பன்னிரண்டு வருடம் பரதம் கற்றவள். ஹனோவர் வீட்டில் அவள் கால் தட்டிய முதல் வாரமே கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் குச்சியால் தன் கூரையைத் தட்டிப் பதில் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டாள். நிறுத்தியதைப் பற்றி ஒன்றும் சொல்லவுமில்லை. அந்த ஐந்து மாதத்தில் அவள் வாயால் கேட்ட ஒரே ஆசை இதுதான். வேறு எவனாக இருந்தாலும் கையைத் துடைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பான். நான் ஒரு புதிய அட்டவணை திறந்தேன்.

இரண்டு நாள் டுசல்டோர்ஃப் போவது, அக்கா வீட்டில் தங்குவது, அங்கே ஒரு ஃபிளமெங்கோ பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த வார இறுதியில் மூன்று இருந்தன. ஆற்றங்கரை உணவகம் ஒன்றில் சாப்பாட்டோடு சேர்ந்த ஆட்டம். பெரிய அரங்கில், ஊர் ஊராகச் சுற்றும் முப்பது பேர் கொண்ட குழு. மூன்றாவதை அக்கா தொலைபேசியில் சொன்னார். அவரோடு சமையலறையில் வேலை பார்க்கும் பிலார் என்ற ஸ்பானியப் பெண்மணியின் ஆட்கள், அந்தக் காலத்தில் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள், ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்கு அங்கே பாட்டும் ஆட்டமும்.

"அதுக்குத்தான் போறியள்" என்றார் அக்கா.

சனிக்கிழமை காலை அவர் சமையலறையில், அலுவலகத்து வண்ண அச்சுப்பொறியில் எடுத்த தாளை விரித்து விளக்கினேன். இருக்கை, டிராமிலிருந்து தூரம், பார்த்தவர்கள் இணையத்தில் எழுதிய கருத்து, ஒலி அமைப்பு.

"சங்கத்துக்கு வெப்சைட்டே இல்லக்கா. மேடையும் இல்லங்கறீங்க."

"ஓம், இல்லை. ஆனா ஆக்கள் இருக்கினம்."

"எங்களுக்கு ஞாயித்துக்கிழமை பன்னெண்டரைக்கு ரயில். அந்த டிக்கெட்டை மாத்தவும் முடியாது."

அக்கா என் மனைவியைப் பார்த்தார். "பிள்ளை, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவள் என்னைப் பார்த்தாள். "அவர்தான் எல்லாம் பாத்து வச்சிருக்கார்க்கா" என்றாள். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் பெரிய அரங்குக்குப் போனோம். புகை வந்தது, சிவப்பு விளக்கு வந்தது, முப்பது பேரும் வந்தார்கள். எங்கள் வரிசையிலிருந்து ஆட்கள் விரல் உயரம் தெரிந்தார்கள். சத்தம் மட்டும் மார்பில் இடித்தது. நான் மனைவியின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன், தேர்வு முடிவைப் பார்க்கிறவனைப் போல. கால் மணி நேரம் கழித்து அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"கால் நின்னுடுச்சு. சத்தம் நிக்கல."

"எக்கோவா இருக்கும்."

அவள் இன்னும் சிறிது நேரம் பார்த்தாள். "எக்கோ முன்னாடியே வருமா?"

நானும் அப்போதுதான் பார்த்தேன். முன்வரிசைப் பெண் காலைத் தூக்குகிறாள். கீழே வைப்பதற்குள் சத்தம் வந்துவிடுகிறது. காலடியெல்லாம் ஒலிநாடா. என் அட்டவணையில் ஒலி அமைப்புக்குப் பத்துக்கு ஒன்பது.

இடைவேளையில் கூடத்தில் நின்றபோது நான் பேசிக்கொண்டே போனேன். இவ்வளவு பெரிய அரங்கில் கால் சத்தம் கேட்காது, அதனால் அப்படிச் செய்வது வழக்கமாக இருக்கலாம், மற்றபடி உடையலங்காரம் நன்றாகத்தானே இருந்தது என்று.

அவள் கையிலிருந்த காகிதக் கோப்பையைக் கீழே வைத்தாள். "என்னையும் இப்படித்தானே செலக்ட் பண்ணீங்க?"

"என்ன?"

"உங்க கம்ப்யூட்டர்ல பாத்தேன். வந்த மூணாவது வாரம். பதினாலு பேர். நான் ரெண்டாவது. முதல்ல இருந்தவங்க வேண்டாம்னுட்டாங்க போல. பேருக்கு நேரா சிவப்புல போட்டிருந்தீங்க."

அப்போது என் வாயில் வந்தது, வந்திருக்கவே கூடாது. "ரெண்டு பேருக்கும் அரை மார்க்குதான் வித்தியாசம்" என்றேன்.

"சமையலுக்கு நாலு போட்டிருந்தீங்க. நாலு மாசமா ஒவ்வொரு தட்டு வைக்கும்போதும் அந்த நாலு ஞாபகம் வருது" என்றாள்.

இரண்டாம் பாதிக்கு நாங்கள் உள்ளே போகவில்லை.

அக்கா கதவைத் திறந்து எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. சோறு போட்டார். சாப்பிட்டு முடிக்கும்போது, "நாளைக்குப் பன்ரண்டு மணி" என்றார்.

"நான் வர்றேன்க்கா" என்றாள் மனைவி உடனே.

"அக்கா, ரயில்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்கள் போங்கோ தம்பி. பிள்ளையைப் பிறகு நான் ஏத்திவிடுறன்."

நான் ரயிலை விட்டேன். வாழ்க்கையில் ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுத்த முதல் முடிவு அது. அதையும் நான் எடுத்ததாகச் சொல்ல முடியாது. இரண்டு பெண்கள் எடுத்தார்கள், நான் கூடப் போனேன்.

சங்கம் ஒரு கார் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நீளமான கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள், காப்பி மணம், தட்டு நிறைய உருளைக்கிழங்கு போட்டுப் பொரித்த தடித்த முட்டை. தரையில் ஒரு ஒட்டுப்பலகையை விரித்து மூலைகளை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதுதான் மேடை. கிட்டார் வாசித்தவர் பிலாரின் மைத்துனர், ஓய்வுபெற்ற டிராம் மெக்கானிக். பாட ஒரு வழுக்கைத்தலைக் கிழவர், கம்பளிச் சட்டையோடு. ஆடியவர் அறுபது வயதுப் பெண்மணி, கனத்த உடம்பு. எழுந்து வந்தவர் கைப்பையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டுப் பலகையில் ஏறினார்.

அவர் காலின் முதல் தட்டலில் எங்கள் மேசையில் இருந்த கரண்டிகள் நடுங்கின. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க மறந்துபோனேன். அந்த அம்மாள் பெரும்பாலும் நின்றுகொண்டேதான் இருந்தார். காத்திருந்தார். பாட்டு ஒரு இடத்துக்கு வந்ததும் கால் இறங்கியது. அந்த இடம் எது என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கீழே பட்டறையிலிருந்து துடைப்பக் குச்சியால் தட்ட யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை.

பிறகு ஆட்டம் இல்லாமல் கிழவர் தனியாக ஒரு பாட்டுப் பாடினார். கண்ணை மூடி, தொண்டையைக் கிழித்துக்கொண்டு. பிலார் அதை அக்காவின் காதில் ஜெர்மனில் சொன்னார், அக்கா எங்களுக்குத் தமிழில் சொன்னார். இரண்டு பேருடைய ஜெர்மனும் சமையலறை ஜெர்மன்.

"ஒருத்தன் தன்ரை கழுதையை வித்துப்போட்டானாம்."

"கழுதையா?"

"ஓம், கழுதை. அது ஒவ்வொரு நாளும் அவன்ரை வீட்டு வாசலாலதான் போகுதாம். இவன் கூப்பிடுறானாம். அது திரும்பிப் பாக்..."

அக்கா அதோடு நிறுத்தினார். நான் திரும்பியபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைக்க ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கைவிட்டேன். இருந்த ஒரே தாள் என் அட்டவணை. நல்லவேளை, நீட்டவில்லை.

பாட்டு முடிந்ததும் மனைவி எழுந்து நேரே அந்த அறுபது வயது அம்மாளிடம் போனாள். இருவருக்கும் பொதுவான மொழி ஒரு வார்த்தை இல்லை. இவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஒரு தட்டடவு போட்டுக் காட்டினாள். அந்த அம்மாள் குனிந்து அவள் பாதத்தைப் பார்த்து, குதிகாலைச் சுட்டிக்காட்டி, தன்னுடையதைப் போட்டுக் காட்டினார். இவள் மறுபடியும், வேகம் கூட்டி. மெக்கானிக் கிட்டாரை எடுத்தார். அரை மணி நேரம் அவர்கள் காலால் பேசிக்கொண்டார்கள். நான் இரண்டு கோட்டும் ஒரு ஜோடி சப்பாத்தும் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கூடத்தில் எனக்குப் பொருத்தமான வேலை அதுதான் என்று தோன்றியது.

திரும்பி வரும்போது டிராமில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"நான் அம்மாட்டைச் சொல்லாமல் வந்தனான். கல்யாணத்துக்கு ஓம் எண்டதும் அவவுக்குத் தெரியாது. கொழும்புக்குப் போட்டு ரெண்டு நாளில வாறன் எண்டு சொல்லித்தான் வெளிக்கிட்டது. உண்மையைச் சொன்னா அழுவா. அழுதா நான் போகமாட்டன். அதால உடன முடிவெடுத்தனான்." ஜன்னல் கண்ணாடியைக் கையால் துடைத்தார். "இப்பவும் ஃபோனில எல்லாற்றை சுகமும் கேப்பா. குளிரோ எண்டு கேப்பா. வாறியோ எண்டு மட்டும் கேக்கமாட்டா. முன்னால போய் நிண்டு நான் என்னத்தைச் சொல்லுறது?"

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் காலை மிதித்தாள். பன்னிரண்டு வருடம் பயின்ற கால்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கோட்டைக் கூடக் கழற்றவில்லை. "தம்பி, டிக்கெட் எடுங்கோ. வாற மாசம் பன்ரண்டாம் தேதி."

கணினி முன்னால் உட்கார்ந்தேன். பதினேழு விமானங்கள் வரிசையாக வந்தன. விலை, நேரம், இடையில் எங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பு. கை அரித்தது. மனைவி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்து, விவரங்களை அடித்து, அக்காவின் வாய் 'நில்லுங்கோ' என்பதற்கு அசைவதற்குள் பொத்தானை அழுத்திவிட்டேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. பிறகுதான் திரையைப் படித்தேன்.

"அக்கா... தப்பு நடந்துடுச்சு. மாசத்தை மாத்தாம விட்டுட்டேன். இந்த மாசம் பன்னெண்டு. வர்ற வியாழக்கிழமை."

அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து தேதியைப் பார்த்தார். அன்று எட்டாம் தேதி. நாலே நாள். நான் மன்னிப்புக் கேட்டேன், நாளைக் காலையிலேயே அவர்களுக்குப் பேசி மாற்றித் தருகிறேன் என்றேன், மாற்றுவதற்கான விதிகளை ஏற்கெனவே தேட ஆரம்பித்திருந்தேன்.

"விடுங்கோ" என்றார் அக்கா. "நல்லது. யோசிக்க நேரமில்லை."

பரண் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது.

நாங்கள் அன்று மாலை மெதுவாகப் போகும் சாதாரண ரயிலில், ஒவ்வொரு ஊரிலும் நின்று ஹனோவர் போனோம். மனைவிக்குப் பாதம் வீங்கியிருந்தது. எதிர் இருக்கையில் நீட்டியவள், பிறகு என் மடியில் வைத்துக்கொண்டாள். பதினான்கு பேர் அட்டவணையை வீட்டுக்குப் போனதும் அழித்துவிடுகிறேன் என்றேன்.

"காப்பி ஒண்ணு இருக்கு. 'பொண்ணு புதுசு'ன்னு பேரு வச்சிருக்கீங்க. அதையும் அழிங்க" என்றாள், கண்ணை மூடியபடி.

இரண்டையும் அழித்தேன். சமையலுக்கு நாலு போட்டதை அவள் இன்றுவரை அழிக்கவில்லை. விருந்தாளிகள் வந்தால் சொல்லிச் சிரிப்பாள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

அக்கா வியாழக்கிழமை போனார். அடுத்த வாரம் ஒரு காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. கரகரவென்று இரைச்சல். பின்னால் ஒரு கிழவியின் குரல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பியே? நான் யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறன்."

"அக்கா! எப்படி இருக்கீங்க? அம்மா எப்படி இருக்காங்க? என்ன சொன்னாங்க?"

"ஏசுறா தம்பி, ஒரே பேச்சு. வந்து இறங்கின நேரம் தொடக்கம் பேச்சு. எண்பத்தாறில வெளிக்கிட்ட நாளில தொடங்கி ஒவ்வொரு வருசமாப் பேசிக்கொண்டு வாறா. நான் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "இன்னும் முடியலையா அக்கா?" என்றேன்.

"எங்கை முடியிறது? அஞ்சு நாளாச்சு, இப்பதான் தொண்ணூறாம் ஆண்டுக்கு வந்திருக்கிறா. வையுங்கோ தம்பி, கூப்பிடுறா."